அசெம்பிள் செட்டா, சவுண்ட்பாரா, ரிசீவரா: உப்புக் காத்து அடிக்கிற வீட்டுக்கு எது?

முப்பது நாப்பதாயிரம் கையில வெச்சுக்கிட்டு ஹால்ல தியேட்டர் மாதிரி சவுண்டு வேணும்னு நினைக்கிறவங்களுக்கு, ராம்நாட்லருந்து கிழக்க ராமேஸ்வரம் வரைக்கும் தெக்க கீழக்கரை ஏர்வாடி சாயல்குடி வரைக்கும் இப்போதைக்கு நாலு வழி இருக்கு. லோக்கல் மெக்கானிக்கிட்ட சொல்லி ஒரு அசெம்பிள் செட் போடலாம், சவுண்ட்பார் வாங்கலாம், கம்பெனி ஏவி ரிசீவர், அதாவது டிவி சத்தத்தை வாங்கிப் பிரிச்சு எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற பெட்டி, புதுசா வாங்கி ஸ்பீக்கரைத் தனியா சேக்கலாம், இல்லன்னா துபாய்லயோ மலேசியாவுலயோ இருக்கற மச்சான்கிட்ட சொல்லி ஒண்ணு கொண்டாரச் சொல்லலாம். செகண்ட் ஹேண்ட் அஞ்சாவது வழி, அதைப் பின்னாடி சொல்றேன். யூடியூப்ல ரிவியூ பண்றவங்க ஏசி ரூம்ல உக்காந்து சொல்றாங்க, தப்பில்ல, ஆனா கடல்லருந்து கூப்பிடு தூரத்துல ஜன்னல் தொறந்தே கிடக்கற ஹாலுக்கு மொதல்ல கேக்க வேண்டியது சவுண்டு எப்படின்னு இல்ல, ரெண்டு கச்சான் காத்து சீசன் தாண்டியும் ஓடுமா, ஓடலன்னா யாரு பாப்பாங்கன்னுதான்.

இது சும்மா பயமுறுத்தறது இல்ல. 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பெயிண்டும் போட்டுத்தான் கட்டியிருக்காங்க, ரயில் பாலத்துக்கே அப்படின்னா ரிசீவர் பின்னாடி இருக்கற மெல்லிசு டெர்மினல் எந்த மூலைக்கு. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் செம்பைப் பச்சையாக்கும், எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள்ள இருக்கற பின்னு மங்கும், ஸ்பீக்கர் கோன் ஓரத்துல ஃபோம் வளையம் போட்டிருந்தா அது உதிர ஆரம்பிச்சிரும். அதனால எந்த வழில போனாலும் ரப்பர் வளையம் உள்ள ஸ்பீக்கரா பாத்து வாங்குங்க, இதுல மட்டும் பேரமே வேண்டாம்.

அசெம்பிள் செட்டைப் பத்தி நெட்ல எல்லாரும் கேவலமா எழுதறாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. கல்யாண மண்டபத்துலயும் கோயில் கொடைலயும் மைக் செட் போடற ஆளுங்கதான் நம்ம ஊர்ல பாதி மெக்கானிக், அவங்களுக்கு 5200, 1943 டிரான்சிஸ்டர் போர்டு தண்ணி பட்ட பாடு. நல்ல டிரான்ஸ்ஃபார்மர், சரியான ஹீட் சிங்க், ஒரு ஃபேன் வெச்சு ரெண்டு சேனல் ஆம்ப் போட்டுக் குடுத்தா பாட்டுக்கு சும்மா அதிரும், போனாலும் அன்னைக்கு சாயங்காலமே சரியாகி வந்துரும், பார்ட்ஸ் எல்லாம் ராம்நாட்லயோ மதுரையிலயோ கிடைக்கற சாதாரண பார்ட்ஸ். தங்கச்சிமடத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு படகுக்கார அண்ணன் வீட்ல அப்படி ஒண்ணு பல வருஷமா ஓடுது, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கடல்ல இறங்காது, அந்த நாள்ல அந்தத் தெருவே அவர் வீட்லதான் படம் பாக்கும்.

ஆனா 5.1ன்னு, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும்னு, சொல்லி வித்தா அங்க ஜாக்கிரதை. நிறைய அசெம்பிள் செட்ல இருக்கற 5.1 போர்டு, ஸ்டீரியோல வர்ற சத்தத்தையே பிரிச்சு ஆறு பக்கமும் அனுப்பற போர்டுதான், நெட்ஃபிளிக்ஸ் ஹாட்ஸ்டார்ல வர்ற டால்பி டிஜிட்டல் பிளஸ்ல பின் ஸ்பீக்கருக்குன்னு தனியா வர்ற சத்தம் அதுல வராது. முன்னாடி பேசறவன் குரல் பின்னாடியும் சேந்து கேக்கும், மொதல் வாரம் நல்லாத்தான் இருக்கும், அப்புறம் வசனமே புரியலைன்னு வீட்ல பெரியவங்க டிவி ஸ்பீக்கர்லயே பாக்க ஆரம்பிச்சிருவாங்க. பாட்டுக்கு அசெம்பிள், படத்துக்கு வேண்டாம், என் கணக்கு அவ்வளவுதான்.

சவுண்ட்பாருக்கு வருவோம். சின்ன வீடு, பத்துக்குப் பன்னெண்டு ஹால், ஒயர் இழுக்கறதுக்கு வீட்டுக்காரம்மா சம்மதிக்கல, அப்படின்னா பேசாம சவுண்ட்பாரே வாங்கிருங்க, மேல படிக்கவே வேண்டாம். சோனி எச்டி-எஸ்20ஆர் மாதிரி பின் ஸ்பீக்கர் ரெண்டும் சப்பும் சேந்து வர்ற 5.1 செட்டு நம்ம ஊர்ப்பக்கம் நிறைய வீட்ல பாத்திருக்கேன், டிவிக்கு ஒரே எச்டிஎம்ஐ ஒயர் போதும், வசனம் தெளிவா கேக்குது, ஆனா பின் ஸ்பீக்கருக்கு சப்லருந்து ஒயர் இழுக்கணும், அதுவும் வேண்டாம்னா பின் ஸ்பீக்கர் இல்லாத சவுண்ட்பாரா பாருங்க. குறை என்னன்னா எல்லாம் ஒரே உடம்பு. ஆம்ப் சப் டப்பாக்குள்ளயே உக்காந்திருக்கும், அந்த போர்டு போனா அஞ்சு ஸ்பீக்கரும் சேந்து படுத்துக்கும், வாரன்டி முடிஞ்சப்புறம் போர்டு கிடைக்கறது அதிர்ஷ்டம். உச்சிப்புளில ஒரு வாத்தியார் வீட்ல அப்படித்தான் ஆச்சு, எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம், போர்டு இல்ல புது மாடல் எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க, நல்ல நிலைமைல இருந்த ஸ்பீக்கரும் அதோட பரண்ல ஏறிருச்சு. ரிசீவர்ல இந்த வம்பு இல்ல, பெட்டி போனா பெட்டியை மட்டும் மாத்துவோம், ஸ்பீக்கர் பதினஞ்சு வருஷம் இருக்கும்.

அப்ப ரிசீவர்தான்னு முடிவுன்னா, என்ட்ரி லெவல்ல ஜனங்க வாங்கி வெச்சிருக்கறது பெரும்பாலும் மூணு பெட்டிதான்: யமஹா ஆர்எக்ஸ்-வி385, சோனி எஸ்டிஆர்-டிஎச்590, டெனான் ஏவிஆர்-எக்ஸ்250பிடி. மூணுமே அஞ்சு சேனல், மூணுலயும் ப்ளூடூத் உண்டு, மூணுலயும் வைஃபை கிடையாது, தலைக்கு மேலருந்தும் சத்தம் வர்ற அட்மாஸும் கிடையாது. அட்மாஸ் இல்லையேன்னு வருத்தப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கான்கிரீட் தளத்துல மேல ஸ்பீக்கர் மாட்டறதுக்கு நீங்க இப்ப ரெடியா இல்லன்னா அது பேப்பர்லதான் இருக்கும், அட்மாஸ் படம் இந்தப் பெட்டில சாதா 5.1ஆ ஓடும், ஒண்ணும் நின்னு போகாது.

வித்தியாசம் எங்கன்னா மைக்ல. யமஹாவுல வைபாவோன்னும் சோனில டிசிஏசின்னும் ஒரு சின்ன மைக் கூடவே வரும், நீங்க உக்கார்ற இடத்துல அதை வெச்சா பெட்டியே டொய்ங் டொய்ங்னு சத்தம் குடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரம், எவ்வளவு சத்தம்னு அளந்து செட் பண்ணிக்கும். டெனான் எக்ஸ்250ல அது இல்ல, டேப் எடுத்து அளந்து நீங்களே போடணும், பெரிய கஷ்டம் இல்ல, ஆனா நம்ம வீட்டுக்கு மைக் ஏன் முக்கியம்னா கீழக்கரை பெரியபட்டினம் பக்கம் ஹால் எல்லாம் பெருசு பெருசா டைல்ஸும் மார்பிளும் போட்டு கிடக்கும், கைதட்டினா எதிரொலி வரும், அந்த ஹால்ல என்ன செட் வெச்சாலும் வசனம் கலங்கும். மைக் அதை முழுசா சரி பண்ணாது, கொஞ்சம் அடக்கும். மீதிக்கு ஒரு கெட்டி ஜமுக்காளமும் திரைச்சீலையும்தான் மருந்து, ரிசீவரை விட அதுல கிடைக்கற லாபம் பெருசுன்னு சொன்னா கடைக்காரர் சிரிப்பாப்ல. மைக் இல்லாததுக்குப் பதிலா டெனான்ல எச்டிஎம்ஐ இன்புட் அஞ்சு இருக்கு, மத்த ரெண்டுலயும் நாலு. செட்டாப் பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஃபயர் ஸ்டிக் எல்லாம் சொருகற வீடுன்னா அந்த ஒண்ணு உதவும்.

வாட்ஸைப் பாத்து மட்டும் வாங்காதீங்க தயவுசெஞ்சு. சோனி டப்பால 145 வாட்ஸ்னு இருக்கும், அது ஒரே ஒரு சேனலை 1 கிலோஹெர்ட்ஸ்ல ஓட்டி அளந்தது, ரெண்டு சேனலை 20லருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓட்டி அளந்தா அதே பெட்டி 90 வாட்ஸ்தான். யமஹாலயும் 135னு ஒரு நம்பர் ஓடும், ரெண்டு சேனல் கணக்குல 70. ரெண்டு கம்பெனியும் பொய் சொல்லல, மேனுவல்ல சின்ன எழுத்துல எல்லாம் போட்டிருக்காங்க, நாமதான் படிக்கறதில்ல. இன்னொண்ணு, வாட்ஸ் ரெண்டு மடங்கானா சத்தம் ரெண்டு மடங்காகாது, 3 டெசிபல்தான் ஏறும், அது காதுக்கு கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும் அவ்வளவுதான். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே வாட்ஸுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் குடுக்கும்ங்கறது, 88 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலா 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினா அந்த ரெண்டு மடங்கு வாட்ஸ் ஓசில வந்துருது. அதனால 70க்கும் 90க்கும் நடுவுல உக்காந்து மண்டையை ஒடைக்கிறது வேஸ்ட், ஸ்பீக்கர் டப்பால சென்சிட்டிவிட்டி எவ்வளவுன்னு பாருங்க.

வாங்கினவங்க மாட்டிக்கிட்டு ஃபோன் போட்டது எதுக்கெல்லாம்னு பாத்தா பெட்டி மேல குத்தம் கம்மி. அதிகமா வர்றது இது: பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்ல இருந்த ஸ்பீக்கரும் சப்பும் சும்மாதானே கிடக்கு, ரிசீவர் மட்டும் வாங்கி அதுல சேத்துக்கலாம்னு நினைக்கிறது. சேராது. அந்த சப்புக்குள்ள ஆம்ப் கிடையாது, ரிசீவர்ல சப்புக்குன்னு வர்றது சிக்னல் மட்டும்தான், பவர் இல்ல, அதனால கரன்ட்ல சொருகற ஆக்டிவ் சப் தனியா வாங்கணும். அந்த பழைய ஸ்பீக்கர்ல பாதி 3 ஓம், 4 ஓம், நம்ம ரிசீவர் கேக்கறது 6 ஓமுக்கு மேல, சத்தம் ஏத்தினா சூடாகி ஆஃப் ஆகும். ஒரு தம்பி பெட்டி கம்ப்ளைன்ட்னு சொல்லி மதுரை வரைக்கும் தூக்கிட்டுப் போய்ட்டு வந்தாப்ல, ராமேஸ்வரத்துலருந்து ஒரு நூத்தி எழுபது கிலோமீட்டர், ஏழு கிலோவுக்கு மேல வெயிட்டு, பஸ்ல மடில வெச்சுக்கிட்டு. பெட்டில ஒண்ணும் இல்லை.

அடுத்தது ஒயர் பிசிறு. ஸ்பீக்கர் ஒயரை உரிச்சு முறுக்கி மாட்டும்போது ஒரே ஒரு மெல்லிசு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டா போதும், சோனில ப்ரொடெக்டர்னு காட்டும், யமஹால செக் எஸ்பி ஒயர்ஸ்னு காட்டும், டெனான்ல சிவப்பு லைட் மினுக்கும். பயந்து திரும்ப திரும்ப ஆன் பண்ணாதீங்க, எல்லா ஸ்பீக்கரையும் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாருங்க, வந்துருச்சுன்னா ஒயர்தான். நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, பச்சை பூத்த செம்பு இழை பொடிப்பொடியா ஒடைஞ்சு டெர்மினல் நடுவுல உக்காந்துக்கும். அதனாலதான் சொல்றேன், அலுமினியத்து மேல செம்பு பூசின சீப் ஒயர் வேண்டவே வேண்டாம், முழுச் செம்பு வாங்குங்க, படகு வேலைக்குன்னே வர்ற வெள்ளீயம் பூசின செம்பு ஒயர் கிடைச்சா இன்னும் அருமை, முனைல தங்க முலாம் போட்ட பனானா பிளக்கு மாட்டி விட்டுருங்க.

டிவி சவுண்டு ரிசீவர்ல வரலைங்கறது மூணாவது. டிவில ஏஆர்சின்னு எழுதியிருக்கற எச்டிஎம்ஐ ஓட்டைலதான் (டிவி சத்தத்தைத் திரும்ப ரிசீவருக்கு அனுப்பற ஓட்டை) சொருகணும், ரெண்டு பக்கமும் செட்டிங்ல சிஇசியை ஆன் பண்ணணும், டிவி ஆடியோ அவுட்புட்ல பிசிஎம்னு இருந்தா வெறும் ஸ்டீரியோதான் வரும், ஆட்டோ இல்ல பிட்ஸ்ட்ரீம்னு மாத்தணும். இந்த மூணைச் செஞ்சா பத்துல ஒம்பது வீட்ல சரியாயிரும்.

ஒரு விஷயம் யாரும் எழுதறதில்ல, மூணு ரிசீவர்லயும் எஃப்எம் இருக்கு. சென்னைக்காரனுக்கு அது தேவையில்லாத பட்டன், நமக்கு அப்படியா? வீட்டு மொட்டை மாடி வரைக்கும் ஒரு ஒயர் இழுத்து விட்டா சூரியன், சக்தின்னு இலங்கை ஸ்டேஷன் எல்லாம் பக்கத்து வீட்ல பேசற மாதிரி விழும், பாம்பன்லருந்து வர்ற கடல் ஓசை 90.4, கொடைக்கானல் 100.5 எல்லாம் டவர் ஸ்பீக்கர்ல கேட்டுப் பாருங்க. என் வீட்ல படத்தை விட அதுதான் அதிகம் ஓடுது. சவுண்ட்பார் எடுக்கறவங்களுக்கு இது பெரும்பாலும் கிடைக்காது.

இனி கல்ஃப் வழி. கீழக்கரைல ஒரு காக்கா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) எனக்குச் சொன்னது, "தம்பி, அங்க ஆஃபர்ல பாத்தா பாதி விலை மாதிரி தெரியும், இங்க ரிப்பேர்னு வரும்போது அந்தப் பாதியையும் சேத்துக் குடுப்போம்." அவர் சொன்னதுல விஷயம் இருக்கு, வெளிநாட்ல வாங்கின பெட்டிக்கு இங்க வாரன்டி பெரும்பாலும் செல்லாது. அதைத் தெரிஞ்சுதான் வாங்குறேன்னா, பின்னாடி லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. துபாய், கத்தார், குவைத், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் நம்ம மாதிரியே 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட்டை ஒட்டித்தான், பிளக் மட்டும் சதுரக் கால், அடாப்டர் போதும். சவூதி 60 ஹெர்ட்ஸ், அங்க பழைய வீட்ல 127 வோல்ட்டு கூட ஓடிச்சு, அதனால லேபிள்ல 220-240, 50/60ன்னு இருந்தா மட்டும் ஓகே சொல்லுங்க. 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் போட்டிருக்கற அமெரிக்கப் பெட்டி வேண்டாம், ஸ்டெப் டவுன் வெச்சாலும் 60க்குச் செஞ்ச டிரான்ஸ்ஃபார்மர் 50ல கூடுதலா சூடாகும், அதோட சில அமெரிக்க மாடல்ல எஃப்எம் 90.3, 90.5ன்னு தாவித் தாவிப் போகும், கடல் ஓசை நடுவுல மாட்டிக்கும்.

செகண்ட் ஹேண்ட்ல பெரிய பேர் உள்ள பழைய மாடல் அடிமாட்டு விலைக்கு வரும், ஆசையாத்தான் இருக்கும். 2009லருந்து 2012 வரைக்கும் வந்த ஒன்கியோ ரிசீவர் பலதுல நெட்வொர்க், எச்டிஎம்ஐ சவுண்டு செத்துப் போற கோளாறு இருந்துச்சு, கம்பெனியே ஒத்துக்கிட்டு 2018 கடைசி வரைக்கும் வாரன்டியை நீட்டிச்சு பாத்துக் குடுத்தாங்க, அந்தக் காலக்கெடுவும் முடிஞ்சுது, அந்தப் பழைய ஒன்கியோ கம்பெனியும் 2022ல திவாலாச்சு, இப்ப அந்தப் பேரை வேற கம்பெனி வெச்சு நடத்துது. அந்த வருஷத்து பெட்டி வந்தா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிருங்க. மத்தது எது வந்தாலும் ஒரு மணி நேரம் ஓட விட்டு எல்லா எச்டிஎம்ஐயும் சொருகிப் பாக்கணும், வால்யூம் திருகும்போது கரகரன்னா அது கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேல சரியாயிரும், விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்திக்கங்க. கடலோர வீட்லருந்து வர்ற பெட்டியை விட பரமக்குடி, மதுரை மாதிரி கடலை விட்டுத் தள்ளி உள்ள ஊர்ல இருந்த பெட்டிக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் குடுக்கலாம், பின்பக்கம் ஸ்க்ரூல துரு இருக்கான்னு பாத்தாலே எந்த ஊர்ப் பெட்டின்னு தெரிஞ்சிரும்.

வெக்கிற இடம். ஷோகேஸ்குள்ள கண்ணாடி போட்டு மூடினா சூட்லயே செத்துரும், கடல் பாத்த ஜன்னலுக்கு நேரா வெச்சா உப்புல செத்துரும், ரெண்டுக்கும் நடுவுல உள் சுவரோரம், மேல ஒரு ஜாண் காலி விட்டு வையுங்க. துணி போட்டு மூடறது ஆறினதுக்கப்புறம் மட்டும். வீட்டைப் பூட்டிட்டு குடும்பத்தோட வெளிநாடு போறவங்கதான் அதிகம் ஏமாறுறாங்க, ஓடற பெட்டி லேசான சூட்லயே ஈரத்தை விரட்டிக்கும், பூட்டின வீட்ல சும்மா கிடக்கற பெட்டிக்குத்தான் பூஞ்சை பிடிக்கும். சாவி வெச்சிருக்கற லாத்தாகிட்ட (அக்காகிட்ட) வாரம் ஒரு தடவை எஃப்எம் போட்டு விடச் சொல்லிட்டுப் போங்க. இடி மின்னல்னா பிளக்கை மட்டும் இல்ல, டிஷ் ஒயரையும் கழட்டணும். ஸ்பீக்கர்ல ஊஊன்னு ஹம்மிங் வந்தா மொதல்ல அந்த டிஷ் இல்லன்னா கேபிள் ஒயரைக் கழட்டிப் பாருங்க, நின்னுட்டா எர்த்துல பிரச்சனை, நம்ம மண்ணுல எர்த் பைப்பே துருப்பிடிச்சுப் போயிருக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டினாலும் அதே ஊஊதான்.

சரி, நான் என்ன வாங்கச் சொல்வேன்னா, சின்ன ஹாலுக்கு சவுண்ட்பார், பாட்டுப் பைத்தியத்துக்கு நல்ல கையால போட்ட ஸ்டீரியோ அசெம்பிள், மத்த எல்லாருக்கும் இந்தியா வாரன்டியோட புது ரிசீவர், டைல்ஸ் ஹாலுக்கு யமஹா இல்லன்னா சோனி, இந்த ரெண்டுல எது பக்கத்துல சர்வீஸ் கிடைக்குதோ அது. காசு பத்தலைன்னா அஞ்சு ஸ்பீக்கரையும் மட்டமா வாங்காதீங்க, முன்னாடி ரெண்டும் நடுவுல ஒண்ணும் நல்லதா எடுத்துட்டு பின் ஸ்பீக்கரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க, வசனம் முழுக்க நடு ஸ்பீக்கர்லதான் வரும். சப் அதுக்கப்புறம். சப் இல்லாத வரைக்கும் செட்டிங்ல சப்வூஃபர் நோன்னு மாத்தி முன் ஸ்பீக்கரை லார்ஜ்னு போட்டுருங்க, இல்லன்னா அடிச்சத்தம் மொத்தமும் இல்லாத சப்புக்குப் போய்க் காணாமப் போயிரும், சப் வாங்கின அன்னைக்கு திரும்ப ஸ்மால் போட்டு கிராஸ்ஓவரை (அதுக்குக் கீழ உள்ள அடிச்சத்தம் சப்புக்குப் போற எல்லை) 80 ஹெர்ட்ஸ்ல வெச்சுட்டு மைக்கை ஒரு தடவை ஓட்டிருங்க.